என் பெயர் யார்

தால்திகொர்கானில் ஒரு மூன்றாம் மாடி.
மணி வேலை செய்யவில்லை, தட்டினேன்.
உள்ளேயிருந்து பெண்குரல்: “கிம்?”
கிம் என்றால் யார். அவ்வளவு கஸாக் எனக்கும் தெரியும்.
“கிம்,” என்றேன்.
“கிம்?”
“கிம்.”
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ரஷ்ய மொழியில், தாழ்ப்பாளைத் தொடாமலே:
“விளையாடினால் போலீஸைக் கூப்பிடுவேன்.”

நான் ரோடியோன் கிம். ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவன்.
கொரிய முகம், ரஷ்ய நாக்கு,
சட்டைப்பையில் கஸாக் நாட்டு அடையாள அட்டை.
கதவுக்கு அந்தப் பக்கம்
பனிக்காலத்துக்கென்று வாங்கிய குதிரைக்கறி
இளகிக்கொண்டிருந்தது.
படியிறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தேன்.
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு;
முழங்கால் மோவாயை இடித்தது.
தொல்கினுக்கு இருபத்தாறு வயது, கைமடிப்பெல்லாம் சாக்பீஸ்.
முதல் நாள் என்னைத்தான் சுட்டினாள்:
“புல் கிம்?” இது யார்?
“கிம்!” என்றது வகுப்பு.
“கேள்வியைத் திருப்பிச் சொல்லாதீர்கள். பதில்.”
“கிம்!”
சர்க்கரை ஆலைக் கணக்காளர் ஸோயாவுக்கு
சிரித்துச் சிரித்துக் கண்ணாடி கழன்றது.
தொல்கின் பதிவேட்டைப் பார்த்தாள்.
சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு
அவளும் சிரித்தாள்.

மனிதருக்குக் கிம். மற்றதற்கெல்லாம் நே.
ஆப்பிள் நே. மேசை நே. நாய் நே.
எட்டு வருடமாய் என் தலையணையில் தூங்கும் பூனையுமா, என்றாள் ஸோயா.
நே, என்றாள் தொல்கின், இரக்கமில்லாமல்.
குதிரையும் நே.
குதிரைக்கு அத் என்று பெயர்.
பெயருக்கும் அத் என்றுதான் பெயர்.
ஆனால் பெயரைக் கேட்கையில் நே வராது:
அத்திங் கிம்?
உன் பெயர் யார்?
என்ன அல்ல, யார்.
நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

“கஸாக்சிங் பா?” நீ கஸாக்கா?
ஸோயா இல்லையென்றாள், நான் இல்லையென்றேன், சட்டுசட்டென்று.
கைசாரின் முறை வந்தது. கஸாக்தான் அவன்,
வீட்டில் யாரும் அந்த மொழியைப் புழங்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தான்.
“இயா,” என்றான்,
கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் போல.
அன்றிரவு தன் காரில் என்னை இறக்கிவிட்டான்.
சிவப்பு விளக்கில் நின்றபோது விரலை நீட்டி,
“புல் நே?”
எனக்குத் தெரியாது. அவனுக்கும்.
பச்சை விழுந்தது.

முப்பத்தேழில் எங்கள் ஆட்களை ரயிலிலிருந்து
உஷ்தோபேயில் இறக்கினார்கள். வீடில்லை, காற்று.
குதிரையில் வந்த ஒருவன் கேட்டிருப்பான்:
“கிம்சிங்தெர்?” யார் நீங்களெல்லாம்?
வரிசையில் கால்வாசிப் பேர் தலையாட்டியிருப்பார்கள்:
ஆமாம், கிம், கிம்,
முன்பே தெரியுமா எங்களை?
இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.
ஒரு கம்ப்ரஸருக்கு அடியில் படுத்தபடி
நானே கட்டிக்கொண்டது.

பதினைந்தாம் பாடம்.
எஷ்கிம்: ஒருவருமில்லை.
அர்கிம்: ஒவ்வொருவரும்.
இரண்டின் வாலிலும் நான்,
ஐஸ் தட்டில் ஈரவிரல் ஒட்டிக்கொள்வதுபோல.

மார்ச்சில் அதே மூன்றாம் மாடி, அதே ஃப்ரிட்ஜ்.
படியேறும்போதே முழு வாக்கியத்தையும் ஒத்திகை பார்த்தேன்:
ஃப்ரிட்ஜ் மெக்கானிக் நான் என்று, சுத்தமான கஸாக்கில்.
தொங்காஸித்கிஷ் என்ற சொல்
இரண்டாம் தளத்திலேயே கழன்று விழுந்துவிட்டது.
தட்டினேன்.
“கிம்?”
வேறு என்ன சொல்ல. “கிம்.”
உள்ளே மௌனம். பிறகு ஏதோ வேகமாய்:
“கிம் பொல்சாங் தா, கிர்.”
நான்கு சொல்லில் ஒன்றுதான் பிடிபட்டது, அது என் பெயர்.
சங்கிலி விலகியது.
யாராயிருந்தாலும் உள்ளே வா என்பது
அதற்கு அர்த்தமென்று
தொல்கின் சொன்னது மறுநாள்.

ஃப்ரீஸரைத் திறந்தேன்.
பனி மூடிய ஒரு பொட்டலம், துணியில் சுற்றி.
“புல் நே?” என்றேன்,
குரல் கொஞ்சம் நடுங்க.
“அத்,” என்றாள்.