வெட்டியது போக

பாடாங் செராய் தாண்டிச் செம்பனைக்குள் நுழையும் பாதையில்
ஓர் இரும்புப் பாலம்.
ஒன்றரை வண்டி அகலம் என்பார்கள்.
அன்று இரண்டு போனோம்.

நான் டாட்சனில். பச்சை 120Y,
என்னைவிட ஒரு வயது மூத்தது.
எதிரே குலை ஏற்றிய லோரி.
அவன் நிறுத்துவான் என்று நான்,
நான் நிறுத்துவேன் என்று அவன்.

டக்.
பிடுங்கிய பல்லைக் கிண்ணத்தில் போட்டால்
அவ்வளவுதான் கேட்கும்.
எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் போய்ப்
பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் தாதி நான்.

அவன் நிற்கவில்லை.
சொல்லிவிடுகிறேன்: நானும் நிற்கவில்லை.

இந்த வண்டிக்குக் கண்ணாடி கதவில் இல்லை.
முன் மட்காட்டின் மேல்
தவளைக் கண் மாதிரி எட்டி நிற்கும்.
வலது கண் போயிற்று. குரோம் கூட்டுக்குள்
ஒரு சில்லு மட்டும்
தன் பங்கு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.
ஒரு வாரம் கழுத்தால் ஓட்டினேன்.

பாசாருக்குப் பின்னால் கோக் லியோங் கடை.
சாமிப் படத்துக்கும் மீன் தொட்டிக்கும்
ஒரே கத்தியில் கண்ணாடி வெட்டுபவர்.
"ஜப்பான்லேர்ந்து வர நாலு மாசம் ஆகும்.
கூடு இருக்குல்ல? உள்ளே நான் போடுறேன்."

எனக்கு முன்னால் ஒருவன்
கண்ணாடி இல்லாத சட்டத்தைத்
தாம்பாளம் போல் ஏந்தி நின்றான்.
வெளியே அவன் லோரி.
பக்கப் பலகையில், முழங்கைக்குக் கீழே,
ஒரு முழ நீளம் பச்சைக் கோடு.
அவனும் என் குரோமில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தான்.
அன்று அவன் இடப்பக்கம் ஒதுங்கியபோது
பாலத்துத் தூண் அவன் கண்ணாடியை வாங்கிக்கொண்டிருக்கிறது.

"எப்படி ஒடஞ்சிச்சு?"
யாரிடம் என்று சொல்லாமல் கேட்டார் கோக் லியோங்.
"மரம்," என்றான் அவன்.
"குரங்கு," என்றேன் நான்.

மேசையில் ஒரு பெரிய தகடு.
கத்தியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரே இழுப்பு.
லோரிக்கு வெட்டியது போக
மூலையில் ஒரு துண்டு மிஞ்சியது.
பல் அச்சு எடுக்கும் மெழுகில்
நான் பதித்துக்கொண்டு போன அளவை அதன் மேல் வைத்தார்.
"இதிலியே வந்துரும், சூசை.
ஒரே தகடு, ரெண்டு வண்டி."
கழிவுக்குக் காசு வாங்கவில்லை. கூலி பதினைந்து வெள்ளி.

ஆனால் இந்தக் கண்ணாடியைத் திருப்ப
இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் சீட்டில், ஒருவர் வெளியே.
இத்தனை வருடம் நானே இறங்கித் திருப்பி,
ஏறிப் பார்த்து, திட்டிக்கொண்டே மறுபடி இறங்கி.

"ஏறி உக்காருங்க," என்றார் சூசை.
"உள்ளயா?"
"இன்னும் கொஞ்சம்."
"மேல?"
"வானம் வேணாம். ரோடு."
சட்டைப் பொத்தான் வந்தது, தாடை வந்தது.
பேசும்போது, மேல் வரிசையில்
ஒரு கடைவாய்ப் பல் இல்லாதது வந்தது.
கண்ணாடிக்குள் இடம் வலமாகும்.
எந்தப் பக்கம் என்பதில் நான் ஏமாற மாட்டேன்.

"போதும்."
கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"குரங்கு பெருசா?"
"மரத்துக்கு அடி கிடி இல்லையே?" என்றேன்.

பழைய கண்ணாடி குவிந்தது.
பின்னால் வருவதையெல்லாம் சின்னதாக்கி
எட்ட வைத்துவிடும்.
இது தட்டை. முதல் நாள்
ஒரு பள்ளி பஸ் கிட்டே வந்து நின்றபோது
ஸ்டியரிங்கை விட்டுவிடப் பார்த்தேன்.
அறுபதைத் தாண்டினால் இன்னும் ஆடுகிறது.

புதன்கிழமை, அதே பாலம்.
அக்கரையில் அதே லோரி.
நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார்.
வாங்க என்று நான் கையாட்ட,
நீங்க வாங்க என்று அவர் லைட்டடிக்க,
இரும்புப் பாலம் சும்மா கிடந்தது.

எவ்வளவு நேரமோ.
பின்னால் ஒரு மோட்டார்க்காரன்
ஹோனை அழுத்திக்கொண்டு கத்தினான்.
புதுக் கண்ணாடியில் அவன் வாய்
'ஆ' என்று நன்றாகத் திறந்திருந்தது.
கீழ் வரிசையில் இரண்டு சொத்தை.