நாற்பத்தேழாம் எண் எலி

நாற்பத்தேழாம் எண் எலிக்குத்
தோள் இரண்டும் பிதுங்கிவிட்டன.
கூடப்பிறந்தவற்றைவிடப் பதினொரு கிராம் அதிகம்.
ஒரே ஓர் ஊசி, தை மாதத்தில்.
ஓடவில்லை, எதையும் தூக்கவில்லை,
கூண்டு மூலையில் தின்று தூங்கியே
இப்படி.

ஹெப்பால் மேம்பாலத்துக்குக் கீழே
டீக்கடையில் என்னைப் பிடித்தவர்
பளுதூக்கும் பையன்களுக்குக் கோச்,
பசவலிங்கப்பா.
"எலிக்குப் போட்டதில் ஒரு குப்பிம்மா."
பேப்பர் கப்புக்கு அடியில் ஒரு கவர்.
மகளின் செமஸ்டர் கட்டணம் அதில் அடங்குமா என்று
கண் தானாகவே கணக்குப் போட்டது.

சொன்னேன்:
நிறுத்திக்கொள்ள இது மாத்திரை இல்லை சார்.
கிருமியின் முதுகில் ஏறிப்போகிற சேதி,
திருப்பி இழுக்கக் கயிறு கிடையாது.
போதும் வளராதே என்று
உடம்பு தனக்கே சொல்லிக்கொள்ளும் சொல்லை
வாயிலேயே அடைத்துவிடும்.
இதயமும் சதைதான் சார்.
அதற்கும் காதுண்டு.

எல்லாம் கேட்டுவிட்டு
அவர் கேட்டது ஒன்றுதான்:
"மூத்திரத்தில் தெரியுமா?"

பின்னால் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி அந்தப் பையன்.
பத்தொன்பது இருக்கும்.
உள்ளங்கை வெடிப்புகளில் வெள்ளைத் தூள்.
எங்களைப் பார்க்காமல்
பாலத்தைத் தாங்கும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
எத்தனை கிலோ வரும் என்பதுபோல.

கவரைத் தள்ளினேன்.
இரண்டாவது தள்ளலில்தான் நகர்ந்தது.

வியாழக்கிழமைகளில் எங்கள் மாடிக்கு
இம்தியாஸ் வருவான். ஒன்பது வயது.
கெண்டைக்கால் பயில்வானுடையதுபோல் இருக்கும்,
உள்ளே சதையில்லை, வெறும் கொழுப்பு.
தரையிலிருந்து எழ
முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து,
தன்மேலேயே தான் ஏறி
நிற்பான்.
நின்றதும் சிரிப்பான், மாடி ஏறியவனைப்போல.
அவனுக்காகத்தான் நாற்பத்தேழு
ஊசி வாங்கிக்கொண்டது.
அவன் முறை வர
இன்னும் எத்தனை கோப்புகளோ.

நேற்று ராத்திரி கோச் போன் செய்தார்.
வேறெங்கோ கிடைத்துவிட்டதாம், போட்டாயிற்றாம்.
எதில் வைத்துக் கொண்டுவந்தீர்கள் என்றேன்.
"ஐஸ்கிரீம் டப்பாவில்."
மைனஸ் எண்பதில் உறைந்திருக்க வேண்டியது அது.

அவரை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்க வேண்டும்,
வெறும் உப்புத்தண்ணீராக இருக்க வேண்டும் என்று
கையுறையைக் கழற்றாமலேயே
வேண்டிக்கொண்டேன்.

தராசில் நாற்பத்தேழு
என்னைப் பார்த்தது.
இன்னும் அரை கிராம் கூடியிருக்கிறது.
பதிவேட்டில் எழுதினேன்.