மூன்று முறை எழுதியது

பார்வதிபுரம் மேம்பாலத்தில் மச்சினன் என்னை முந்தினான்.
முந்தியதோடு விடாமல் கையை வேறு ஆட்டினான், சவம்.
அன்றைக்கே முடிவெடுத்தேன்.

தக்கலை ஷைஜின் பதினெட்டாயிரம் சொன்னான்.
"எழுபத்தஞ்சு குதிரை உண்டு, நூறாக்கித் தாறேன்.
இரும்புல ஒரு போல்ட்டைத் தொடமாட்டேன்.
எல்லாம் எழுத்துதான்ணே."

ஸ்டியரிங்குக்கு அடியில்,
மூன்று வருடமாக என் முழங்கால் இடித்துவந்த இடத்தில்
ஒரு துளை இருந்திருக்கிறது.
அதில் வயரைச் செருகினான்.
பேட்டரிக்குச் சார்ஜர். லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர்.
"படிக்கும்போ கரண்டு போனா தப்பில்ல.
எழுதும்போ போச்சு, வண்டி செங்கல்லு."
தகரக் கூரையில் மழை.
டைல்ஸ் கடைக்காரன் நான், செங்கல் விலை எனக்குத் தெரியும்.
சாவியைத் தொடாமல்
கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு சதவீதம். முப்பது. எழுபத்தொன்று.
திரையில் ஒரு மலை எழும்பியது:
நீளம் சுழற்சி, அகலம் மிதி, உயரம் டீசல்.
வேளிமலை மாதிரியே இருக்கே, என்றேன்.
ஷைஜின் சிரிக்கவில்லை.

"அண்ணே, இது கம்பெனி எழுத்து இல்ல."
"பின்ன?"
"முன்னமே ஆரோ மாத்தியிருக்கு. ஒரு தடவையில்ல, மூணு தடவை.
நூத்திரெண்டு குதிரை
இப்பமே உள்ள நிக்கு."

ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தேன்.
முதல் பெயர்: ஞானகில்டா, கருங்கல்.
நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மஸ்கட்டுக்குப் போனதால் விற்ற வண்டி.
புரோக்கர் தாணுலிங்கம் அன்று பானெட்டைத் தட்டிச் சொன்னது:
"பொம்பள ஓட்டின வண்டியாக்கும்.
நாப்பதைத் தாண்டியிருக்காது. எஞ்சின் ஒறங்கியே கெடந்திருக்கும்."

ஷைஜின் மலையின் ஒரு சரிவை விரலால் தடவினான்.
"இதப் பாத்தியளா, புகை வராம இருக்க
எவ்வளவு பொறுமையா வழிச்சு எடுத்திருக்கு.
ஓட்டிப் பாத்து, திரும்பி வந்து, குறை சொல்லி,
மறுபடி ஓட்டிப் பாத்து...
இது ரசிச்சு ஓட்டின ஆளுண்ணே."

நைட் டியூட்டி முடிந்து
விடியுமுன் காலியான சாலையில்
வெள்ளைச் சேலையோடு ஒருத்தி
எங்கே போயிருப்பாள், யாரை முந்தியிருப்பாள்?
நானோ இந்த வண்டி இழுக்காது இழுக்காது என்று
திங்கள்சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன்.
யோசித்துப் பார்த்தால்
மிதியைப் பாதிக்குமேல் நான் அழுத்தியதே இல்லை.

படித்ததற்கு ஐந்நூறு வாங்கிக்கொண்டான்.
எழுத ஒன்றுமில்லை.

தாணுலிங்கத்திடம் நம்பர் வாங்கி மஸ்கட்டுக்கு அனுப்பினேன்:
உங்க பழைய வெள்ளை வண்டி என்கிட்டதான் இருக்கு.
இதை எப்படி ஓட்டணும்?
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள் காலை நாலு மணிக்கு வந்தது:
ஏசியை அணைங்க. மூணாவது கியர்.
ரெண்டாயிரம் வரட்டும், அதுவரைக்கும் பேசாம இருங்க.
வந்ததும் தரை வரைக்கும் மிதிங்க.

ஞாயிறு பூசை முடிந்து
அவளையும் பிள்ளைகளையும் வீட்டில் இறக்கிவிட்டு
கடைச் சாவியை மறந்ததாகப் பொய் சொல்லி
ஆரல்வாய்மொழி தாண்டினேன்.
கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.
முப்பந்தலில் காற்றாலைகள்
யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் சுற்றின.

ஏசியை அணைத்தேன். மூன்றாவது.
ஆயிரத்து எண்ணூறு. பத்தொன்பது நூறு.
மிதித்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
எங்கோ ஒரு விசில், நீளமாய் ஓர் உள்மூச்சு,
கணவாய்க் காற்று முழுவதையும் யாரோ
சோடா பாட்டிலில் அடைப்பதுபோல.
பிறகு முதுகு சீட்டோடு போய் ஒட்டியது.
ஸ்டியரிங் லேசாகிக் கையை விட்டுப் போகப் பார்த்தது.
பயந்து காலை எடுத்துவிட்டேன்.
ரோட்டோரம் நிறுத்தி, தண்ணீர் குடித்து,
வண்டியைத் திருப்பி
மறுபடியும் முதலிலிருந்து.

நாலாவது தடவை ஒரு வாடை வந்தது.
எரிந்த தேங்காய்த் தொண்டு மாதிரி.
வீட்டு வாசலிலும் அது போகவில்லை.
என்ன நாற்றம் என்றாள் மனைவி.
பிரேக்கு, என்றேன்.

இரவு போன் மினுங்கியது:
கேட்க மறந்துட்டேன்,
கிளட்ச் மாத்தியாச்சா?
நான் மாத்தாமலே வித்துட்டேன்.