குறுக்குக்கோடு இல்லாத ஏழு

ஹம் நகரில் மைனஸ் ஒன்பது.
கெர்ஸ்டிங் ஹீட்டிங் சேவை நிலையத்தில்
பதினொரு நாளாய் அவசர போன் அடிக்கவில்லை.
"நாங்கள் பூட்டிய பாய்லர் அப்படி" என்று
முதலாளி மார்தட்டினார்.
மெக்கானிக்குகள் சீட்டு ஆடினார்கள்.
நான் மட்டும் இடைக்கிடை
ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தேன்.
உயிர் இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
ஒருவர் அலுவலக எண்ணுக்கு எடுத்தார்.
பெயர் வெஸ்ட்ஹோஃப். லாரி ஓட்டுபவர்.
கால் முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறார்.
"குளிர்கிறது என்று உங்கள் ஆட்கள்
எனக்கல்லவா எடுக்கிறார்கள்!
உங்கள் நம்பரைத் தேடி உங்கள் தளத்தைத் திறந்தேன்.
என் நம்பர் இருந்தது.
இன்றைக்குத்தான் ஜன்னலுக்கு வெளியே உங்கள் வேன் நின்றது.
கதவில் இருந்ததைப் பார்த்து எழுதினேன்."

இருபத்துமூன்று பேர்.
பெயர், தெரு, பிழை, நேரம் எல்லாம்
மாத்திரைப் பெட்டி அட்டைகளின் பின்புறத்தில்.
அவர் வாசித்தார், நான் தட்டினேன்.
"பதினாறு பேருக்கு நானே சொல்லிவிட்டேன்,
முள் ஒன்றரைக்கு வரும்வரை தண்ணீர் விடச் சொல்லி.
மிச்சம் ஏழு உங்களுக்கு.
ஹேசனில் இரட்டைக் குழந்தைகள் உள்ள வீடு,
அதை முதலில் பாருங்கள்."

டுசல்டோர்ஃப் ஏஜென்சிக்குச் சொன்னேன்.
டிக்கெட் எண் 4471. முன்னுரிமை: சாதாரணம்.
மறுபடி எடுத்தேன். ஒரு பெண் பொறுமையாய் விளக்கினாள்:
எண் எழுத்தல்ல, படம்.
படம் ஒரு கருவிக்குள்.
கருவி அவர்களுடையதல்ல, மாத வாடகை.
படம் வரைந்தவன் லைப்சிக்கில் இருந்தான்,
ஒப்பந்தம் ஒக்டோபரோடு முடிந்தது.

ஒரேயொரு இலக்கம்.
அதைத் தொட மூன்று நகரம், நாலு கதவு.
ஒன்றுக்கும் எங்களிடம் சாவி இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது.
முதலாளியின் லாச்சியில், கோப்பி வடிதாள்களின் அடியில்,
கடவுச்சொல் எழுதிய மஞ்சள் துண்டு.

இரண்டு இரவு.
சாப்பாட்டு மேசை, ஆறிய தேத்தண்ணி,
கணினித் திரையில்
மூக்கடைத்த குரலில் பாடம் எடுக்கும் யாரோ ஒருவர்.
ஒரு அடைப்புக்குறியை மூட மறந்து
முழுத் தளத்தையும் பத்து நிமிடம் வெள்ளையாக்கினேன்.
வெளியே மைனஸ் ஒன்பது, எனக்கு வியர்த்தது.
பிறகு படத்தை எடுத்துவிட்டு
எண்ணை வெறும் எழுத்தாய் அடித்தேன்.
பெட்டி கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து நிற்கிறது.
நிற்கட்டும்.

படம் கிடந்த கோப்புறையில்
ஒரு ஸ்கேன் கண்ணில் பட்டது.
நான் அனுப்பிய தாள். என் கையெழுத்து.
உடுவில் பள்ளிக்கூடம் பழக்கிய ஏழு,
இடுப்பில் குறுக்குக்கோடு இல்லாத ஏழு.
இந்த நாட்டுக் கண்ணுக்கு அது ஒன்று.
லைப்சிக்காரன் கண்டதைத்தான் வரைந்தான்.
என்னைக் கேட்டிருக்கலாம்.
ஆனால் அவனிடம் என் நம்பர் இல்லை,
என்னிடம் அவன் பெயர்கூட இல்லை.
அடுத்த அறையில் இருந்திருந்தால்
"இது என்ன, ஏழா?" என்று
கதவால் தலையை நீட்டியிருப்பான்.
முதலாளிக்கு இதைச் சொல்லவில்லை.
இன்னும்.

பத்தொன்பதாம் நாள் 4471 மூடப்பட்டது.
தீர்க்கப்பட்டது. வேலை, அரை மணி.
எழுபத்தொரு யூரோ.
அந்தப் பில்லில் ஏழும் ஒன்றும்
மிகத் தெளிவாய் இருந்தன.

வெஸ்ட்ஹோஃப் பில் அனுப்பவில்லை.
நான் திருத்திய மறுநாள் மாலை
போன்தான் எடுத்தார்:
"நேற்றிலிருந்து ஒருவரும் கதைக்கவில்லை.
என் லைனில் ஏதும் பழுதா?
ஒருக்கால் பார்த்துச் சொல்வீர்களா?"

பொறுங்கள் என்று ரிசீவரை வைத்தேன்.
எண்களை வரிசையாய் அழுத்திப் போய்
ஏழு வரவேண்டிய இடத்தில்
ஒன்றை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.