கீழே கனக்கும் நீர்

கிவு ஏரியில்
சூடான நீர் அடியில் கிடக்கிறது.
பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு நேர்மாறு.
உப்பும் கரிவாயுவும் குடித்துக் கனத்து
எழுந்து வர மனமில்லாமல்
நானூறு மீட்டருக்கும் கீழே படுத்திருக்கிறது.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
தளும்பிவிட்டால்?
அந்தக் கேள்விக்குத்தான்
மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம்.

மிதவையிலிருந்து இறங்குகிறது
ஒரு கண்ணாடி இழை.
தலைமயிர்ப் பருமன்.
இருபத்தொரு இடங்களில் அதற்குள்
கண்ணுக்கு எட்டாத வரிகள்.
ஒவ்வொன்றும் தன் நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும்,
மற்றதைப் போகவிடும்.
நீர் சூடேறினால் அந்த நிறம் நகரும்,
இம்மியளவு என்று சொன்னால்
இம்மி பெரிதாகிவிடும்.

நாலு இடத்தில் மட்டும்
இழையின் தோலை உரித்துவிட்டோம்.
அங்கே ஒளி கொஞ்சம் வெளியே கசிந்து
நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு
உள்ளே திரும்புகிறது.
எவ்வளவு கரைந்திருக்கிறது,
எவ்வளவு அடர்த்தி,
தொட்ட இடத்தில் இழந்ததை வைத்துச் சொல்லும்.

கயிஜாமஹேக்கு மூன்று படகுகள்,
நீண்ட கழிகளால் ஒன்றாகக் கட்டியவை.
இருட்டியதும் விளக்கேற்றி வலை விரிப்பார்.
வெளிச்சம் தேடி வரும் சம்பாசா,
விரல் நீள மீன்.
ஒருநாள் கேட்டார்:
"முகாமுசோனி, உன் விளக்குக்கு மீன் வருமா?"
"வராது. இந்த வெளிச்சம் மீனுக்குத் தெரியாது."
"உனக்கு?"
"எனக்கும் தெரியாது."
"அப்புறம் யாருக்காக எரிகிறது?"
பெட்டியைக் காட்டினேன்.
பெட்டியில் ஒரு பச்சைப் பொட்டு.
அதைக் கொஞ்சநேரம் பார்த்தார்,
பாவம் என்பதுபோல.

அமாவாசைக்கு மறுநாள்.
அதிகாலை இரண்டே முக்கால்.
பொட்டு சிவப்பானது.

எட்டு மீட்டரில் ஒரு பாகை கூடுதல்.
எண்பதில் ஒரு பாகை.
இருநூற்று அறுபதில்,
அந்தக் கனத்த நீரின் கூரையில்,
ஒரு பாகை.
அடிவரைக்கும்.

தொலைபேசி கையில் இருந்தது.
ஒரு எண்ணை அழுத்தினால்
ருபாவுவில் சங்கு ஊதும்,
எதிர்க்கரையில் கோமா விழிக்கும்,
மெத்தை சுமந்து மலையேறுவார்கள்.
என் அக்கா காலில் செருப்புகூட இல்லாமல்.
பெருவிரல் அழுத்தாமல் நின்றது.
துணிச்சல் இல்லை அது. வாய்பாடு.
இவ்வளவு பெரிய ஏரி
ஒரே நொடியில் மேலிருந்து கீழ்வரை
ஒரே அளவு சூடேறாது.
இருபத்தொரு சாட்சிகள்
எழுத்துப் பிசகாமல் ஒன்றையே சொன்னால்
யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தோலுரித்த நாலு இடத்தையும் பார்த்தேன்.
அடர்த்தி அசையவில்லை.
நீர் நீராகவே இருந்தது.

சூட்டிலும் இழை நீளும்,
இழுத்தாலும் நீளும்.
வரிகளுக்கு வித்தியாசம் தெரியாது.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் படகில் போய்ச் சேர்ந்தபோது
மிதவையின் கழுத்தில் முடிச்சு.
முடிச்சின் மறுமுனையில் மூன்று படகுகள்,
நுனிவரை மீன்,
இரண்டாய் உடைந்த துடுப்பு ஒன்று,
வாய்திறந்து உறங்கும் நாலு பேர்.
வடகாற்று எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

கயிஜாமஹே கண்ணைக் கசக்கினார்.
"உன் மிதவை கெட்டிக்காரி.
இரவெல்லாம் விடவே இல்லை."
திட்டுவதற்குச் சேர்த்து வைத்த சொற்களில்
முதல் சொல்லே சிரிப்பாகப் போய்விட்டது.
பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

கத்தியால் கயிற்றை அறுத்தேன்.
படகுகள் விலக விலக
பெட்டியில் எண்கள் இறங்கின.
ஏரி தன் சூட்டுக்குத் திரும்பியது,
அதை விட்டு அது போகவே இல்லை என்றாலும்.

அடுத்த மாதம் இன்னொரு இழை வருகிறது.
எஃகுக் குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும்.
யார் இழுத்தாலும் அதற்கு உறைக்காது,
சூடு மட்டும் உறைக்கும்.
இரண்டையும் கழித்தால்
மிஞ்சுவது இழுவை.

விடிந்ததும் பதிவேடு.
நேரம்: 02:45.
அளவு: ஒரு பாகை, எல்லா ஆழத்திலும்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
சம்பாசா, சுமார் அறுபது கிலோ.

கிகாலியிலிருந்து இன்னும்
பதில் வரவில்லை.