பதினான்கு

ஒன்பது பத்துக்குத் தூக்கி வந்தார்கள்,
கோக்போரு ஆட்டத்தில் குதிரையோடு விழுந்தவனை.
சட்டையில் ஆட்டுத்தோல் வாடை.
கூட மூன்று நண்பர்கள், தரையெல்லாம் பூட்ஸ் சேறு,
ஒரே நேரத்தில் மூன்று கதை.

நினைவு தப்பியதா?
இல்லை. ஆமாம்.
ஒரு சிகரெட் பற்றவைக்கிற நேரம்.

அப்படியே எழுதிக்கொண்டேன்.

கண் தானாகத் திறக்கிறது: நான்கு.
சொன்னதும் என் விரல்களை இறுக்குகிறான்: ஆறு.
பேச்சில்தான் கோணல். இது பிஷ்கெக் என்கிறான்.
ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட
மாதம் ஆகஸ்ட் என்கிறான்.
"ஆகஸ்டில்தான் அதை வாங்கினான்" என்றான் ஒரு நண்பன், மெதுவாக.
பேச்சுக்கு நான்கு.
கூட்டினால் பதினான்கு. குறைவது ஒன்றுதான்.
அந்த ஒன்றுக்காக விடிய விடிய உட்கார வேண்டும்.

டார்ச்சை அடித்தேன். இரு பாவைகளும் சேர்ந்தே சுருங்கின.
காதுக்குப் பின்னால் நீலம் இல்லை.
மூக்கில் நீர்; துடைத்துப் பார்த்தேன், வெறும் சளி.
"மூன்று சொல் தருகிறேன், பத்திரமாக வை:
ஆப்பிள், பாலம், சாவி."
கடன் வாங்குகிறவன் மாதிரி
கூச்சத்தோடு வாங்கிக்கொண்டான்.

பிறகு கேட்டான்: "என் குதிரை?"

நண்பர்கள் சுவரைப் பார்த்தார்கள்.
முன்னங்கால் முறிந்து, மைதானத்திலேயே முடித்துவிட்டார்களாம்.
சொன்னேன். அழுதான்.
நான்கு நிமிடம் போனது, கன்னம்கூடக் காயவில்லை,
"என் குதிரை?"

மறுபடி சொன்னேன். மறுபடியும்.
ஒவ்வொரு தடவையும் அது அப்போதுதான் செத்தது.

நாலாம் தடவை என்னை முந்திக்கொண்டு
நர்ஸ் அனார்குல் சொன்னாள்: "லாயத்தில்."
"புல் போட்டாச்சா?"
"போட்டாச்சு."
சிரித்தபடி படுத்தான்.
நான் தாளைப் பார்த்தேன். அதற்கு அதில் கட்டம் இல்லை.

பதினொன்றுக்கு வாந்தி. பதினொன்றே காலுக்கு இன்னொன்று.
ஸ்கேன் எடுக்க பிஷ்கெக் போக வேண்டும்,
டோலோன் கணவாயோ பனியில் மூடிக் கிடக்கிறது.
இன்றைக்கு ஸ்கேன் நான்தான்:
ஒரு டார்ச், ஒரு கைக்கடிகாரம்,
அரைமணிக்கொரு தரம் ஒருவன் பெயரைக் கேட்கும் வாய்.

பன்னிரண்டரைக்கு மேல் அவன் குதிரையைக் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் பயம்.
சொன்னது உள்ளே ஒட்டிக்கொண்டாலும் கேள்வி நிற்கும்,
கேட்கிறவன் அமிழ்ந்து போனாலும் நிற்கும்.
வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைதி.

தோளைத் தட்டினேன். கண் திறந்தான்.
பெயர்?
"ஷார்ஷென்பெக்."
எங்கே இருக்கிறாய்?
"நாரின். ஆஸ்பத்திரி."
மாதம்?
ஜன்னலைப் பார்த்துவிட்டு, "நவம்பர்."
அந்த மூன்று சொல்?
"பாலம்… சாவி."
ஆப்பிள் வரவில்லை. காத்திருந்தேன். வரவேயில்லை.

"குதிரையைப் பற்றி ஏன் கேட்கவில்லை?"

அனார்குலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், அவர் ஒன்று சொல்கிறார்.
ரெண்டில் எது என்று எனக்குத் தெரியும்."

பதினைந்து என்று எழுதினேன்.
அடுத்த அரைமணிக்கு மணி வைத்தேன்.
அனார்குல் டார்ச்சின் கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தாள்.