லால்குடிக்கும் வாளாடிக்கும் நடுவே

ஜன்னலோரம் கேட்டேன், கிடைத்தது.
சி நான்கு, இருபத்தேழு.
எழும்பூரில் இருட்டு கலையாத ஐந்து மணி.
மதுரையில் ஒரு கையெழுத்து, அரைமணி வேலை,
ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றிருந்தார் வக்கீல்.

பக்கத்து இருக்கை எபநேசர்.
நாகர்கோவில், மின்வாரியத்தில் ஓய்வு.
கைபேசியில் வேகம் பார்த்துக்கொண்டே வந்தார்.
"நூத்திப் பத்து" என்றார் மேல்மருவத்தூரில்.
"நூத்தி இருபத்தெட்டு," விழுப்புரம் தாண்டி,
உப்புமா டப்பாவைப் பிரித்தபடி,
தான்தான் ஓட்டுகிற பெருமையில்.
அரியலூர் வந்ததை அவர்தான் சொன்னார்.
போனதை யாரும் சொல்லவில்லை.

கல்லக்குடியின் சிமெண்ட் தூசு முடிந்ததும்
நிலம் தட்டையானது.
வாய்க்கால், மதகு, பாதி அறுத்த சம்பா.
கொக்குகளை எண்ணத் தொடங்கும் முன்
அடுத்த வயலின் கொக்குகள்.

பிறகு பிரேக்.
கோப்பையில் தேநீர் சாய்ந்தது, நிமிர்ந்தது.
கதவுக்கு மேல் சிவப்பு எழுத்தில்
நாற்பது, பதினொன்று.
"பூஜ்யம்" என்று எபநேசர் வாய்விட்டுப் படித்தார்,
யாரோ போய்விட்ட செய்திபோல.

சாப்பாடு கொடுக்கிற பையன் வந்து சொன்னான்:
முன்னால் லெவல் கிராசிங்கில்
நெல் அறுக்கிற மிஷின் பெல்ட் கழன்று
தண்டவாளத்து மேலேயே உட்கார்ந்துவிட்டதாம்.
கதவு திறக்காது. ஜன்னலும்.

தண்டவாளத்தை ஒட்டிய தார்ச்சாலையில்
பாதி அகலத்துக்கு நெல்.
ஒருத்தி காலால் கிளறிக்கொண்டு வந்தாள்,
பாதத்தை இழுத்து இழுத்து, நீளநீளமாகக் கோடு.
புடவைமேல் ஆம்பளைச் சட்டை, காதில் இயர்போன்.
மடியில் கிடந்த செய்தித்தாளின் நாலாம் பக்கத்தில் இருந்தது:
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள்.
எபநேசருக்கு ஓர் எண் ஏற வேண்டும்.
அவளுக்கு ஓர் எண் இறங்க வேண்டும்.

கோடு என் ஜன்னலுக்கு நேரே முடிந்தது.
சரளைமேட்டில் இரண்டடி ஏறி
என் முகத்தை நேராகப் பார்த்தாள்.
நான் சிரித்தேன். கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

அவள் தலைத்துண்டை அவிழ்த்தாள்.
நெற்றியோரம் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கை எடுத்தாள்.
பல்லைக் காட்டி ஈறு பார்த்தாள்.
இடது புருவத்தில் ஏதோ பிடிக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது.
கறுப்புக் கண்ணாடி.
அந்த வெயிலில் அவளுக்கு இங்கே நானில்லை,
அவள்தான் இருந்தாள்.

கேட்காமல் பார்க்கக் கூடாத முகம்.
கண்ணை எடுக்கவும் இல்லை.
என் கை தன்பாட்டுக்கு
என் நெற்றியோரம் போய் எதையோ தேடியது.

வண்டி நகர்ந்தபோது அவளுடைய கண்ணாடி நகர்ந்தது.
அடுத்த ஜன்னலில் மீதியைப் பார்த்துக்கொண்டாள்.
அதற்கடுத்ததில் துண்டைக் கட்டியிருப்பாள்.

கொள்ளிடத்தில் மணல், மணல், ஓரமாய்த் தண்ணீர்.
காவிரி, எபநேசர் கணக்கில், இருபத்திரண்டு விநாடி.
"ஒம்பது நிமிஷம் லேட்டு. திருச்சி தாண்டிப் பிடிச்சிருவான்" என்றார்.
பிடித்துவிட்டான்.

மதுரையில் பதினான்கு இடத்தில் கையெழுத்து.
எதிர் நாற்காலியில் செங்கோடன்.
என் பேனாவைத்தான் வாங்கினான், போட்டான், திருப்பித் தந்தான்.
பதினொரு வருஷம்.
நேராகத்தான் பார்த்தான்.

திரும்பும் வண்டியில் விளக்கு உள்ளே, இருட்டு வெளியே.
கண்ணாடியில் நானும், எனக்குப் பின்னால்
உறங்கும் நாலு வரிசைத் தலைகளும்.
வாளாடி எப்போது போனதென்று தெரியாது.
நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடி
காவலுக்கு யாரேனும் படுத்திருந்தால்
அவர்கள் பார்த்திருக்கலாம்:
வெளிச்சமான ஜன்னல்கள் ஓடுகின்றன,
ஒன்றில் ஒருத்தி
தலைமுடிக்குள் விரலை விட்டு
எதையோ தேடிக்கொண்டு போகிறாள்.